இந்திரசபாவா, அனார்கலியா?

உருது நாடகத்தில் நுழைய இரண்டு வாசல்கள். ஒன்று, 1850களில் லக்னோவில் அமானத் எழுதிய இந்திரசபா. மற்றது, 1922இல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய அனார்கலி.

இந்திரசபாவில் கதை சிறியது. பச்சைத் தேவதை, மானிட இளவரசன் குல்ஃபாமைக் காதலிக்கிறாள். கோபம் கொண்ட இந்திரன் அவனைக் கிணற்றில் தள்ளுகிறான், அவள் சிறகை வெட்டுகிறான். அவளோ யோகினி வேடத்தில் வந்து, பாடியே அவனை மீட்டுவிடுகிறாள். மற்றதெல்லாம் கஜல், தும்ரி என்ற பாட்டு வகைகள்தான். அச்சில் வெறுமனே படித்தால் பாதி உயிர் போய்விடும்.

அனார்கலி இதற்கு நேர்மாறு. படிக்கப் படிக்க இறுகும் நாடகம். பொறாமைக்காரி தில்ஆராமின் சூழ்ச்சியால், இளவரசன் சலீமும் அவன் காதலி அனார்கலியும் பரிமாறும் சைகைகளை அவன் தந்தை அக்பர் கண்ணாடியில் பார்த்துவிடும் காட்சி ஒன்றே போதும். அரசனுக்கும் தந்தைக்கும் இடையே கிழிபடும் அக்பர்தான், என் கணிப்பில், உண்மையான துயரநாயகன். நாடகக் கம்பெனிகள் மாற்றங்கள் கேட்டன, தாஜ் இணங்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி!

படிக்க அனார்கலி. இந்திரசபாவை யாராவது பாடினால் மட்டும் போய்க் கேளுங்கள்.