மேல்நிலைத் தொட்டியா, அழுத்த பம்பா?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு விசை தருவது உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். அதனால்தான் தரைத்தளத்தில் குழாய் சீறுகிறது. மேல்தளத்து ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருந்தாலோ 0.2 பார்தான் மிஞ்சும். நீர் நூல் நூலாக வழியும், தலையில் தேய்த்த நுரை போக நெடுநேரமாகும்.

அழுத்த பம்ப் இந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைவதை உணர்ந்து தானே ஓடத் தொடங்கும். ஆனால் கழிப்பறைத் தொட்டியின் வால்வு லேசாகக் கசிந்தாலும் போதும், நள்ளிரவில் பம்ப் ஓடி நிற்கும், மீண்டும் ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் பம்பைத் திட்டாதீர்கள், கசிவைத் தேடுங்கள். மின்சாரம் போனால் தண்ணீரும் நின்றுவிடும்.

தொட்டிக்கு அந்தக் கவலை இல்லை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், தவறாமல் கழுவ வேண்டும், அவ்வளவே.

நான் தொட்டியையே வைத்துக்கொள்வேன். மேல்தளத்துக்கு மட்டும் சிறிய பம்ப், அதற்குப் பக்கத்தில் ஒருவழி வால்வுடன் ஒரு பைபாஸ் குழாய். மின்சாரம் இல்லாதபோதும் அதன் வழியே மெல்லவாவது தண்ணீர் வரும். பழைய கட்டடம் என்றால், இணைப்புகள் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் சோதித்துவிடுங்கள்.