ஆண்டறிக்கையில் எதைக் காட்டுவது: தலைக்கணக்கா, விளைவா?

ஜெனீவாவில் உள்ள யுனிடார் (ஐ.நா.வின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம்; 1963-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது) போன்ற பயிற்சி நிறுவனங்களில் ஆண்டறிக்கை எழுதுவோருக்கு வழக்கமாக வரும் குழப்பம் இது: எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற தலைக்கணக்கைக் காட்டுவதா, பயிற்சியால் என்ன மாறியது என்ற விளைவைக் காட்டுவதா?

செலவு
தலைக்கணக்கு: வருகைப்பதிவும் ஒரு எக்செல் தாளும் போதும்.
விளைவு: திட்டம் போடும்போதே நிதி ஒதுக்க வேண்டும். டிசம்பரில் நினைத்துக்கொண்டால் நடக்காது.

நம்பகம்
தலைக்கணக்கு: ஒரே அதிகாரி மூன்று வகுப்புக்கு வந்தால் மூன்று பேராகிவிடுவார். மின்னஞ்சலை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். அலுவலக முகவரி, சொந்த முகவரி இரண்டையும் கொடுத்தவர்கள் அப்போதும் தப்புவார்கள். பெயர், நாடு, பிறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இணைய வகுப்பில் பதிவு செய்தவர், முடித்தவர் இருவரையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் காட்டுங்கள். கூட்டிச் சொல்வது ஏமாற்று வேலைதான்.
விளைவு: பயிற்சியின் பலனை அளக்க 1959-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகள் இன்றும் உதவும்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்தாரா, நிறுவனம் மாறியதா. இரண்டாம் படிக்கு வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே கடினத்தில் தேர்வு வையுங்கள். மூன்றாம் படிக்கு ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். அதற்குள் பலர் இடமாற்றலாகி மின்னஞ்சல் முகவரி செத்திருக்கும். பதில் போடுபவர்களும் பெரும்பாலும் பயன்பெற்றவர்களே. எத்தனை பேருக்கு அனுப்பி எத்தனை பதில் வந்தது என்பதை அச்சிடாத விழுக்காட்டுக்கு மதிப்பில்லை.

ஒருநாள் கருத்தரங்கு, விழிப்புணர்வுக் கூட்டம் என்றால் தலைக்கணக்கே போதும். பல வாரப் பயிற்சிக்கும், அடுத்த தவணை நிதி கேட்கும் திட்டத்துக்கும் விளைவைத்தான் காட்ட வேண்டும்.