லோகிச்சோகியோ விமான நிலையம்: போர்வெல் போடப் போகும் நம் ஊர்க்காரர்களுக்காக

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்கா போகத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வண்டி போன நாடுகளுக்கெல்லாம் நம் ஆட்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கென்யாவின் வடமேற்கு மூலையில் உள்ள துர்கானா மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் அமைக்க ஒரு தொண்டு நிறுவனம் அழைத்ததன் பேரில் சென்று திரும்பிய நான், அங்கே இறங்கி ஏறிய லோகிச்சோகியோ விமான நிலையத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். உள்ளூர் மக்கள் அந்த ஊரைச் சுருக்கமாக 'லோகி' என்பார்கள். சங்ககிரியிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ அடுத்து அங்கே புறப்படுகிறவருக்கு இது பயன்பட வேண்டும்.

கோவை விமான நிலையத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லோகியை மதிப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். பயணிகளின் வசதியை முன்வைத்து வளர்ந்த நிலையம் அன்று அது. தானிய மூட்டைகளுக்காக வளர்ந்தது. தெற்கு சூடானின் எல்லை அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து தெற்குச் சூடான் பகுதியில் பெருந்திரளான மக்களைப் பலிகொண்ட 1988-ஆம் ஆண்டுக்குப் பிறகு, 1989-இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் பல தொண்டு நிறுவனங்களும் இணைந்து 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' என்ற நிவாரணப் பணியைத் தொடங்கின. அந்தப் பணியின் முதன்மைத் தளமாக லோகி ஆனது. மொம்பாசா துறைமுகத்தில் இறங்கிய தானியம் லாரிகளில் நாடு முழுவதையும் கடந்து இந்த வறண்ட நிலத்துக்கு வந்து, இங்கே கிடங்குகளில் அடுக்கப்பட்டு, பிறகு விமானத்தில் ஏறியது. மழைக்காலத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள கரிசல் மண்ணில் எந்த வண்டிச் சக்கரமும் உருளாது என்பதால், ஹெர்குலிஸ் என்னும் பெரிய சரக்கு விமானங்கள் தாழப் பறந்து மூட்டைகளை வயல்வெளியில் போட்டுவிட்டுத் திரும்பின. ஒரு ஹெர்குலிஸ் சுமார் 16 டன் ஏற்றும். நாமக்கல் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஒரு பத்துச் சக்கர லாரியின் பாரம், 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 320 மூட்டை. கீழே விழும் வேகத்தில் கிழிந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மூட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று சாக்குகளில் கட்டுவார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், லோகியின் பெருமை அதன் கட்டடத்தில் இல்லை, ஓடுதளத்தில் இருக்கிறது என்பதுதான். அந்தச் சிற்றூருக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு உறுதியான, தார் போட்ட ஓடுதளம் அது. நான் சென்ற பதின்மூன்று இருக்கை விமானம் மேலிருந்து இறங்கியபோது, நாற்புறமும் செம்மண்ணும் கல்லும் முள்மரமும் மட்டுமே தெரிய, நடுவில் கறுத்த கோடாக அந்தப் பாதை ஒன்றே மனிதர் கைபட்டதாகத் தெரிந்தது. சக்கரம் தொட்டது தெரியாமல் இறங்கினோம். மற்ற பாலைவன ஊர்களில் மண் தளத்தில் குலுங்கி இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2005-இல் சூடான் அமைதி ஒப்பந்தமும் 2011-இல் தெற்கு சூடானின் விடுதலையும் வந்த பின், நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்நாட்டின் தலைநகரான ஜூபாவுக்குப் பெயர்ந்தன. ஒரு காலத்தில் ஓயாமல் இரைந்த நிலையம் இன்று அமைதியாக இருக்கிறது. ஆயினும் அதன் தேவை முடிந்துவிடவில்லை. 1992 முதல் இயங்கும் ககுமா அகதி முகாம் தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, இந்த ஓடுதளம் இருக்கிறது என்பதே ஒரு தைரியம்.

பயண நேரத்தைப் பற்றி ஒன்று. லோகியில் நண்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தூக்குவிசை குறைகிறது, என்ஜினின் திறனும் குறைகிறது. ஆகவே சிறிய விமானத்துக்குக் காலை நேரமே உகந்தது. மதிய விமானம் கிடைத்தால் சுமையைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்காக வருந்தாதீர்கள், அது நம் உயிரைக் காக்கும் கணக்கு. நிலையத்தில் என்னைப் பையோடு சேர்த்து எடை மேடையில் நிற்கச் சொன்ன அலுவலர், ஏன் அப்படிச் செய்கிறார் என்பதையும் பொறுமையாக விளக்கினார். 'எஜோகா' என்று துர்கானா மொழியில் ஒரு வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியவில்லை.

என் குறை முழுவதும் என்னை ஏற்றிவந்த விமானச் சேவையின் மீதுதான். இத்தகைய விமானங்களில் பொதுவாக 15 அல்லது 20 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை என்பது தெரிந்ததே. பாறையைத் துளைக்கும் முனையான நம் ஆறரை அங்குல பட்டன் பிட் ஒன்றே 20 கிலோவை நெருங்கிவிடும். கூடுதல் எடைக்கு முன்பணம் கட்டி ரசீதும் வாங்கியிருந்தேன். அப்படியிருந்தும் இரண்டு பிட்டுகளை நைரோபியிலேயே இறக்கி வைத்துவிட்டு, லோகியில் இறங்கிய பிறகே எனக்குத் தெரிவித்தார்கள். கம்பிரசரும் ஆட்களும் தயாராக இருந்தும் ஒன்பது நாள் போர்வெல் போட முடியவில்லை. அந்த ஒன்பது நாளும் தண்ணீருக்காகக் குடத்தோடு வறண்ட ஆற்றுமணலைத் தோண்டிக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்ற முடியாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லியிருந்தால் சாலை வழியே அனுப்பியிருப்பேன். பாரத்தை மறுப்பது விமானியின் உரிமை. மறுத்ததை மறைப்பதை மன்னிக்க இயலாது.

எடை குறைந்து பயன் மிகுந்த பொருள்களைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நான் கண்ட ஓர் அடிபம்பு, நம் ஊராட்சிகளில் நிற்கும் இந்தியா மார்க் 2-இன் அதே உருவம். அதன் அடுத்த வடிவமான மார்க் 3, 1980-களில் கோவை வட்டாரக் கிணறுகளில் நடந்த சோதனைகளிலிருந்து பிறந்தது என்பதை அங்கே நின்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது. நான் கொண்டுபோயிருந்த நான்கு பம்பு வாசர்களில் (நீர் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) இரண்டு அதற்கே போயின.

பயண ஏற்பாட்டில், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். உணவும் குடிநீரும் கையில் இருக்கட்டும். கோவையிலிருந்து சார்ஜா வழியாக நைரோபி செல்பவர்கள், அங்கே ஓர் இரவு தங்கிக் காலை விமானத்தைப் பிடிப்பது நல்லது.

நிலையத்துக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் தருவேன். என்னை ஏற்றிவந்த சேவைக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. மீண்டும் அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை பிட்டுகளும், அவற்றை இடித்து இயக்கும் ஹேமரும் மொம்பாசாவிலிருந்து லாரியில் ஒரு மாதம் முன்னதாகவே கிளம்பிவிடும். நான் ஒரு தோள்பையோடும் ஒரு டஜன் வாசரோடும் லோகியில் இறங்குவேன்.