கண்வலிப் பூவுக்குக் கால் முளைத்தது: 1,800 ரூபாய் வகுப்பு எப்படி?

தாராபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க யாரோ ஒருவர் முகத்தை வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. அப்படி இருக்கும்போதுதான் ‘பூவிலிருந்து ஒரு கற்பனை விலங்கு’ என்று ஓர் இணைய வகுப்பு விளம்பரம் கண்ணில் பட்டது. சனி, ஞாயிறு, நாளுக்கு மூன்று மணி நேரம், தமிழிலேயே. 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர்கள் பேரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், எதுக்கு வம்பு.

முதல் நாளிலேயே, கொடுத்த காசு வசூலாகிவிட்டது. கலரைத் தொடவே விடவில்லை. தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் கறுப்பு நிழலாக மட்டும் இருபது உருவம் போடச் சொன்னார் ஆசிரியர். “பூ எவ்வளவு அழகுன்னு பாக்காதீங்க, அது எப்படிப் பொழைக்குதுன்னு பாருங்க” என்றார். பாதிப் பேர் ரோஜாவையும் தாமரையையும் எடுத்துக்கொண்டு றெக்கை வைக்க ஆரம்பித்தார்கள். நான் எடுத்தது செங்காந்தள்.

வெளியே அது மாநில மலர், சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை. எங்கள் பக்கம் அது கண்வலிக்கிழங்கு, விதைக்காகப் போடுகிற வெள்ளாமை. மூலனூர்ப் பக்கம் பெரியப்பா தோட்டத்தில் பள்ளிக்கூட லீவில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்திருக்கிறேன். அதனால் ஒரு விஷயம் கைக்கே தெரியும்: சூலகத்தண்டு, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் தண்டு, நேராக நிற்காது. அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். இதழ் ஆறும் பின்னால் வளைந்து மேல்நோக்கி எரிகிற மாதிரி நிற்க, ஆறு மகரந்தத் தாளும் சுற்றிலும் விரிந்திருக்கும். கூகுளில் படம் பார்த்து வரைகிறவர்கள் விட்டுவிடுவது அந்த மடங்கிய தண்டைத்தான்.

என் விலங்கு அதிலிருந்துதான் பிறந்தது. தாடைக்குக் கீழே, ஒரு பக்கமாக மட்டும் நீளும் ஒற்றைக் கொம்பு. பிடரி பின்னால் சிலிர்த்த ஆறு இதழ். ஆறு மீசை, நுனியில் ஆடும் மகரந்தப் பை. இலை நுனி சுருண்டு வேலியைப் பிடிக்குமே, அதுதான் விரல்கள். கலப்பை மாதிரிப் பிரிந்த கிழங்கு பின்னங்கால் ஆனது. கிழங்கிலிருந்து விதை வரைக்கும் விஷம், கொல்கிசின். விஷமுள்ளது எதுக்கு ஓட வேண்டும்? அதனால் பாய்கிற மாதிரி போடாமல், கிளையில் சாவகாசமாக ஏறுகிற மாதிரி போட்டேன்.

வரைந்தது கிருதாவில். இலவச மென்பொருள், கடைக் கம்ப்யூட்டரின் ஃபோட்டோஷாப்பை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது, பாருங்கள். அதில் மல்டிபிரஷ் என்று ஒன்று இருக்கிறது. எண்ணிக்கையை ஆறு என்று வைத்தால் ஓர் இதழ் இழுக்கும்போதே மற்ற ஐந்தும் சுற்றி வந்துவிடும். ஆசையில் அதையே நம்பிப் போட்டேன், வாசலில் போடும் கோலம் மாதிரி வந்தது. ஆறையும் தனித்தனியாகத் திருப்பி, ஒன்றைக் கொஞ்சம் கிழித்துவிட்ட பிறகுதான் உயிர் வந்தது. எம் அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பும். இடது கண் இறங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் வண்ணம். இங்கேதான் இழுவை. முக்கால் மணி நேரம் யாரோ ஒருவருக்கு டேப்லெட் டிரைவர் போடுவதிலேயே போனது. ஆனால் நடுவில் சொன்ன ஒன்று மட்டும் தங்கம்: இதழில் வெளிச்சம் மேலே விழுவது வேறு, பின்னாலிருந்து ஊடுருவி வருவது வேறு. சிவப்பின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்து கலந்து செங்கல் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். நிழலை மெரூன் பக்கம் தள்ளி, ஊடுருவும் இடத்தில் ஆரஞ்சை ஏற்றியதும் இதழ் மெல்லிசாகிவிட்டது. இந்தப் பூ மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும். ஆகவே பிடரி முழுக்கச் சிவந்தது கிழம், அடியில் மஞ்சள் மிச்சம் இருப்பது இளசு என்று பக்கத்தில் ஒரு குட்டியும் வரைந்தேன். வகுப்பில் இதைக் கேட்கவே இல்லை.

கோபம் வந்தது இதற்குத்தான்: தனித்தனியாகத் திருத்தம் தருவோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தது இரண்டே வரி. “சூப்பர். கொம்பை நடுவுல வச்சுட்டுக் கொஞ்சம் க்ளோ சேருங்க.” பூ எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கச் சொன்னவர், பூவைப் பார்க்கவே இல்லை. கொம்பை நகர்த்தவில்லை. படத்தைப் பார்த்த அம்மா, “ஏஞ்சாமி, கண்வலிப் பூவுக்குக் கண்ணு வெச்சுட்டியா?” என்றாள். பெயர் சொல்லாமலே பூ தெரிந்துவிட்டது, எனக்கு அந்தத் திருத்தம் போதும்.

முதல் நாளுக்கு ஐந்துக்கு நான்கரை, இரண்டாம் நாளுக்கு இரண்டு. சேருகிறவர்கள் கையில் நிஜப் பூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். செங்காந்தள் என்றால் வரைந்து முடித்ததும் கையைக் கழுவுங்கள். வகுப்பின் வீடியோப் பதிவு 30 நாளில் மறைந்துவிடும், முதல் நாளுடையதை உடனே ஒருமுறை திரும்பப் பார்த்துவிடுங்கள்.