குழந்தைக்குக் காய்ச்சல்: லீவு போடுவது அம்மாவா, அப்பாவா?

காலை ஆறு மணி, குழந்தையின் நெற்றி சுடுகிறது. பெற்றோர் இருவரும் மத்திய அரசு ஊழியர்கள். பெரும்பாலான வீடுகளில் யார் லீவு என்ற கேள்வியே எழுவதில்லை, அம்மாதான். விதிகளும் அதற்கு ஒரு காரணம்.

நீண்ட நாள் நோய்
அம்மா: குழந்தை பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அப்புறம் 80 சதவீதம்.
அப்பா: தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு மட்டுமே அது உண்டு. மற்றவர்கள் வேலை செய்து சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பில் கைவைக்க வேண்டும்.

இரண்டு நாள் காய்ச்சல்
அம்மா: பராமரிப்பு விடுப்பை ஒரு தடவைக்கு 5 நாளுக்குக் குறைவாக எடுக்க முடியாது. ஆக, தற்செயல் விடுப்புதான் (கேஷுவல் லீவு), வருடத்துக்கு 8 நாள்.
அப்பா: அதே தற்செயல் விடுப்பு, அதே 8 நாள்.

அலுவலகத்தில்
அம்மா: "மறுபடியுமா?" என்பார்கள்.
அப்பா: "ஏன், வீட்டில் அவங்க இல்லையா?" என்னிடம் இப்படிக் கேட்டார்கள். வலித்தது.

பழக்கம்
நான் லீவு போட்ட முதல் நாள், "கடைசியா சிரப் எப்போ, எத்தனை மில்லி?" என்று டாக்டர் கேட்டார். மனைவிக்குப் போன் செய்துதான் பதில் சொன்னேன். அடுத்த முறை நேரம், அளவு, காய்ச்சல் எல்லாமே என் கையெழுத்தில் நோட்டில் இருந்தன. மகள் என் தோளிலேயே தூங்கிப்போனாள்.

அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் படுக்கை என்றால் அம்மாவின் விடுப்பே பொருந்தும், முதல் 365 நாளுக்குள் சம்பளம் போகாது. சாதாரணக் காய்ச்சலுக்கு முதல் நாள் ஒருவர், மறுநாள் மற்றவர்.