காகிதத்தில் நடந்த போர்: ஆம்ஸ்டர்டாம் எதிர்ப்பியக்க அருங்காட்சியகம்

இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நிலவிய ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் முதலில் நினைப்பது, நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டைத்தான். அதற்கான அனுமதிச் சீட்டுகள் இணையத்தில் மட்டுமே விற்கப்படுகின்றன. விரைவில் தீர்ந்தும் விடுகின்றன. சீட்டுக் கிடைக்காதவர்களுக்கு ஆறுதலாகப் பலர் சொல்லும் இடம், பிளான்டாகே பகுதியில் உள்ள எதிர்ப்பியக்க அருங்காட்சியகம். அதை ஆறுதல் பரிசாகக் கருதுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த வீடு எட்டுப் பேர் அடைந்த அச்சத்தைக் காட்டுகிறது என்றால், இந்த அருங்காட்சியகம் அந்த அச்சத்தை உண்டாக்கிய ஏற்பாடு எப்படி இயங்கியது, அதை யார், எந்தக் கருவிகளைக் கொண்டு தடுக்க முயன்றார்கள் என்பதைக் காட்டுகிறது. நான் முதல் நாள் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அது போதவில்லை என்று தோன்றவே, மறுநாள் காலையில் மீண்டும் சென்றேன்.

14ஆம் எண் டிராமில் ஏறி ஆர்டிஸ் உயிரியல் பூங்கா நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். பிளான்டாகே கெர்க்லான் தெருவில், 61ஆம் எண்ணில், பூங்காவுக்கு எதிரே, முகப்பில் பிளான்சியுஸ் என்ற பெயர் பொறித்த கட்டடம். 1876இல் ஒரு யூதப் பாடகர் சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. 1999 முதல் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. நிலையான கண்காட்சி 2022 இறுதியில் முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்டது. விளக்கங்கள் எல்லாம் டச்சிலும் ஆங்கிலத்திலும் உள்ளன; ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் எதுவும் விடுபட்டுப் போகாது.

உள்ளே நுழைந்ததும் வீரர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றேன். அப்படி இல்லை. ஒத்துப்போவதா, உடன்பட்டு உதவுவதா, எதிர்த்து நிற்பதா என்ற கேள்வியைத்தான் இந்த இடம் திரும்பத் திரும்ப முன்வைக்கிறது. 1940 மே 15 அன்று சரணடைந்த நாட்டில், பெரும்பாலான மக்கள் அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினார்கள், கடைகள் திறந்தன. அதே ஆண்டு அக்டோபரில், தாங்கள் யூதர் அல்லர் என்று உறுதி கூறும் படிவம் அரசு ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, ஏறத்தாழ எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்தின் விலை என்னவென்று அப்போது பலருக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே யூத ஊழியர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தெளிவாகியது. ஆம்ஸ்டர்டாமில் ஆக்கிரமிப்பு என்பது பெருமளவுக்குக் காகிதத்தில் நடந்தது. ஆகவே எதிர்ப்பும் காகிதத்தில்தான் நடந்தது. அங்கே செல்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தனித்தனியாகத் தோன்றும் பொருள்கள் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும்.

அந்தக் கதையின் நடுவில் இருப்பது அடையாள அட்டை. இதை வடிவமைத்தவர் ஜெர்மானியர் அல்லர். யாகோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி. மக்கள்தொகைப் பதிவேடுகளின் தலைமைக் கண்காணிப்பாளரான அவர், யாராலும் போலி செய்ய முடியாத அட்டையை உருவாக்குவதைத் தன் தொழில் பெருமையாகவே கருதினார். மடிப்பு மடிப்பான தாளில் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, ஒட்டிய புகைப்படம், விரல் ரேகை; இவற்றின் இன்னொரு படி மத்திய அலுவலகத்தில் தனியே காப்பு. 1941 முதல் 15 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அதை வைத்திருக்க வேண்டும். யூதர்களின் அட்டையில் பெரிதாக ‘ஜே’ என்ற எழுத்து. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓர் அட்டையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ரேகையின் சுழிகள் இன்னும் அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. அந்த விரலை மையில் ஒற்றி அழுத்திப் பிடித்த அலுவலரும் அதே ஊரைச் சேர்ந்த ஒருவராகத்தான் இருந்திருப்பார் என்ற எண்ணம் விட்டுப்போகவில்லை.

அட்டையை மட்டும் போலியாகச் செய்தால் போதாது. பதிவேட்டில் உள்ள படியோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே பதிவேட்டையே அழிப்பது என்று முடிவு செய்தார்கள். ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொன்டேயஸ், சிற்பி கெரிட் ஃபன் டெர் ஃபேன் ஆகியோர் தலைமையில், 1943 மார்ச் 27 இரவு, காவலர் சீருடை அணிந்த ஒரு குழு ஆம்ஸ்டர்டாம் நகரின் மக்கள்தொகைப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தது. சீருடைகளைத் தைத்தவர் ஒரு தையல்காரர். மருத்துவ மாணவர்கள் காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டு, அவர்களைப் பக்கத்திலிருந்த உயிரியல் பூங்காவின் தோட்டத்தில் படுக்க வைத்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெடிமருந்தும் தீயும் பதிவேடுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத்தான் அழித்தன. ஆனால் விவரம் புரிந்துகொண்ட தீயணைப்பு வீரர்கள் மெதுவாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சி, இன்னும் கொஞ்சம் பாழாக்கினார்கள். குழு காட்டிக்கொடுக்கப்பட்டது, 1943 ஜூலை 1 அன்று கடலோர மணல்மேடுகளில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன்பால் ஈர்ப்பாளரான அரொன்டேயஸ், தம்மைப் போன்றவர்கள் கோழைகள் அல்லர் என்று உலகத்துக்குச் சொல்லுமாறு தம் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பதிவு அலுவலகம் இருந்தது இதே தெருவில், 36ஆம் எண்ணில். அருங்காட்சியகத்திலிருந்து சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பார்த்த அட்டையும் நகரத்தாரின் பதிவேடுகள் காக்கப்பட்ட கட்டடமும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது வேறு எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு வாய்த்ததில்லை.

1941 பிப்ரவரி வேலைநிறுத்தத்துக்கு ஒதுக்கிய பகுதியையும் அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். அந்த மாதம் 22, 23 தேதிகளில் யூதர் குடியிருப்பில் நானூறுக்கும் மேற்பட்ட ஆண்களை ஜெர்மானியப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். 25ஆம் தேதி காலையில் டிராம் ஊழியர்கள் வண்டி எடுக்க மறுத்தார்கள். டிராம் வராததைக் கண்டே நகரம் விஷயத்தைப் புரிந்துகொண்டது. கப்பல் கட்டும் தளங்களும் ஆலைகளும் கடைகளும் அடுத்தடுத்து நின்றன. கம்யூனிஸ்ட் கட்சியினர் கையால் சுற்றும் நகலெடுப்புக் கருவியில் அச்சிட்ட ஒற்றைத் தாள்தான் மக்களை அழைத்தது. யூதர்கள் துன்புறுத்தப்படுவதை எதிர்த்து, யூதரல்லாதவர்கள் பெருந்திரளாக வேலையை நிறுத்திய அந்த இரண்டு நாள்கள் ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் மிக அரிய நிகழ்வு. துப்பாக்கியால் அதை ஒடுக்கினார்கள், நகரத்துக்கு 1.5 கோடி கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) அபராதமும் விதித்தார்கள். ஆயினும் நாடு கடத்தல் நிற்கவில்லை. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறத்தாழ 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணை மறைக்காமல், தன் நாட்டுப் பெருமையின் பக்கத்திலேயே வைத்துப் பேசுவதால்தான் இந்த அருங்காட்சியகத்தை நான் மதிக்கிறேன்.

இரகசியப் பத்திரிகைகள் இருக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுத் தாள்களைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். போர்க்காலத்தில் சுமார் 1,300 இதழ்கள் இப்படி வெளிவந்தன. அவற்றில் ‘ஹெட் பரோல்’, ‘ட்ரவ்’ இரண்டும் இன்றும் நாளிதழ்களாக விற்பனையாகின்றன. 1944இல் ‘ட்ரவ்’ இதழைக் கொண்டுசேர்த்தவர்களைப் பிடித்த ஜெர்மானியர், இதழை நிறுத்தினால் விட்டுவிடுவதாகப் பேரம் பேசினார்கள். ஆசிரியர் குழு மறுத்தது; 23 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மறுப்பு சரியா என்று எனக்கு இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை.

பணமும் காகிதந்தானே. வங்கியாளர் வால்ராஃபன் ஃபன் ஹால், அரசுக் கடன் பத்திரங்களைப் போலியாகத் தயாரித்து, மத்திய வங்கியின் பெட்டகத்தில் இருந்த அசலோடு மாற்றி, அசலைப் பணமாக்கினார். சுமார் 5 கோடி கில்டர் இப்படிக் கிடைத்தது. ஒளிந்திருந்தவர்களின் செலவுக்கும், 1944 செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 30,000 ரயில்வே ஊழியர்களின் சம்பளத்துக்கும் அவர் நடத்திய நிதியமே பணம் கொடுத்தது. 39 வயது நிறைந்த இரண்டாம் நாள், 1945 பிப்ரவரி 12 அன்று, ஹார்லெம் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ரயில் நிறுத்தத்துக்குப் பழிவாங்க ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்தார்கள். பிறகு கால்வாய்களும் உறைந்தன. பசிக் குளிர்காலம் என்று டச்சுக்காரர்கள் இன்றும் குறிப்பிடும் அந்த மாதங்களில், மேற்கு மாகாணங்களில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. இங்கே இருக்கும் அவசர அடுப்பு நம் வீட்டுப் பால் சொம்பை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். விரல் நீளச் சுள்ளிகளைப் போட்டு, துலிப் கிழங்கையோ சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட் கிழங்கையோ அதில் வேகவைத்தார்கள். விறகுக்காக டிராம் தண்டவாளங்களுக்கு இடையே பதித்திருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்தார்கள். நாடு கடத்தப்பட்ட யூதர்களின் காலி வீடுகளிலிருந்து உத்தரங்களையும் படிக்கட்டுகளையும் கழற்றினார்கள். அந்த அடுப்பில் எரிந்தது யாருடைய வீட்டுப் படிக்கட்டோ என்று நினைத்தபோது என்னால் அடுத்த பெட்டிக்கு உடனே நகர முடியவில்லை.

குழந்தைகளோடு செல்பவர்களுக்குத் தனிப் பகுதி ஒன்று உண்டு. நான்கு குழந்தைகளின் உண்மைக் கதைகளை அவரவர் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது போல அமைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி நாஜி ஆதரவுக் குடும்பத்தில் வளர்ந்தவள். அவளையும் சேர்த்தது நல்ல முடிவு. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கும். அதற்குக் கீழே வேண்டாம் என்பேன்.

ஒரு மனக்குறை உண்டு. அது அருங்காட்சியகத்தைப் பற்றியது அன்று. முதல் நாள் மாலையில் பணம் கட்டிச் சென்ற ஒரு வழிகாட்டி நடையில், பிளான்டாகே மிடன்லான் தெருவைப் பேச்சுவாக்கில் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே இருக்கும் ஹாலன்ட்ஸே ஸ்கௌபுர்க் நாடக அரங்கில்தான் நாடு கடத்துவதற்கு முன் யூதர்களை அடைத்து வைத்தார்கள். எதிர்ப்புறக் காப்பகத்தில் அவர்களுடைய குழந்தைகள். டிராம் வந்து நின்று காவலாளியின் பார்வையை மறைக்கும் சில நொடிகளில் குழந்தைகளை வெளியேற்றினார்கள். காப்பகத் தலைவி ஹென்றியெட்டே பிமென்டெல், நாடக அரங்கின் யூத நிர்வாகி வால்டர் சஸ்கின்ட், பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் யோஹான் ஃபன் ஹல்ஸ்ட் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் சேர்ந்து சுமார் 600 குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். பிமென்டெலும் சஸ்கின்டும் போர் முடிவதைப் பார்க்கவில்லை. அந்தப் பயிற்சிப் பள்ளிக் கட்டடத்தில் 2024 மார்ச்சில் தேசிய ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஆகவே வழிகாட்டி நடைக்குப் பணம் கட்ட வேண்டாம். காலையில் பிளான்சியுஸ் கட்டடம், பிறகு 36ஆம் எண், அதன் பிறகு நாடக அரங்கு என்று நீங்களே நடந்து பாருங்கள். அரங்கின் முன்னால் நின்று, 14ஆம் எண் டிராம் ஒன்று கடந்து போகும்வரை காத்திருங்கள். எதிர்ப்புற வாசல் எத்தனை நொடி கண்ணுக்கு மறைகிறது என்று எண்ணிப் பாருங்கள்.