பேரவையில் ஓர் ஆசனமா, தனியான ஊழியர் மன்றமா?

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அச்சட்டப்படி அமையும் ஆளுகைச் சபையான பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைக் கவனிக்கும் சபையான மூதவை தெரிவுசெய்யும் இருவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் ஆகியோர் இருக்கிறார்கள். எழுதுவினைஞர்களும் ஆய்வுகூடப் பணியாளர்களும் நூலக உதவியாளர்களும் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர் எவரும் இல்லை. பதிவாளர் பேரவையின் செயலாளராக அமர்கிறார் என்றாலும் அது பதவி வழி வந்த கடமையே. அதனைப் பிரதிநிதித்துவமாகக் கொள்ள இயலாது. ஆகவே கல்விசாரா ஊழியர்கள் தொழிற்சங்கத்தின் ஊடாக வெளியிலிருந்தே பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு பலிக்காதபோது வேலைநிறுத்தமே மிஞ்சுகிறது. 2024 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது.

இந்நிலையை மாற்ற விரும்புவோர் முன் இரண்டு முன்மாதிரிகள் உள்ளன.

முதலாவது ஸ்கொட்லாந்தினுடையது. அங்கு 2016இல் இயற்றப்பட்ட உயர்கல்வி ஆளுகைச் சட்டம், ஆளுகைச் சபையில் ஊழியர் அனைவரும் தெரிவுசெய்யும் இருவருக்கும், கல்விசார் தொழிற்சங்கம் முன்மொழியும் ஒருவருக்கும், துணைப்பணியாளர் தொழிற்சங்கம் முன்மொழியும் ஒருவருக்கும் இடமளிக்கிறது. வரவுசெலவுத் திட்டமும் கட்டட விரிவாக்கமும் முடிவாகும் அறைக்குள் ஊழியர் ஒருவர் இருப்பது சிறிய வெற்றியன்று. ஆனால் அவர் அங்கே சிறுபான்மை. அத்துடன் சபை உறுப்பினர் என்ற முறையில் முழு நிறுவனத்தின் நலனையே கருத வேண்டியவர், இரகசியம் காக்கவும் கடமைப்பட்டவர்.

இரண்டாவதான ஜெர்மனிய முறையை விரிவாக நோக்க வேண்டும், ஏனெனில் சபையில் ஆசனம், தனி ஊழியர் மன்றம் என்ற இரு வழிகளும் அங்கு ஒருங்கே உள்ளன. பேராசிரியர், ஏனைய கல்விசார் பணியாளர், மாணவர், தொழில்நுட்ப நிருவாகப் பணியாளர் என்ற நான்கு குழுக்களும் மூதவைக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் வழக்கம் 1970களிலேயே வேரூன்றிவிட்டது. எனினும் 1973 மே 29 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், கற்பித்தலை நேரடியாகத் தொடும் முடிவுகளில் பேராசிரியர்களுக்கு முதன்மையான செல்வாக்கும், ஆய்வை நேரடியாகத் தொடும் முடிவுகளில் தீர்மானகரமான செல்வாக்கும் இருக்க வேண்டும் என்றும், கல்விசாரா ஊழியர் அவற்றில் வேறுபாடின்றிப் பங்கேற்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. எனவே அங்கு ஊழியர்களின் உண்மையான பலம் மூதவை ஆசனத்தில் இல்லை. மாநிலச் சட்டங்களின் கீழ் அவர்கள் தெரிவுசெய்யும் தனி ஊழியர் மன்றத்திலேயே இருக்கிறது. பணி நேர ஒழுங்கு, இடமாற்றம், ஊழியரைக் கண்காணிக்கக்கூடிய மென்பொருள் போன்றவற்றில் நிருவாகம் பொதுவாக அம்மன்றத்தின் இணக்கத்தைப் பெற வேண்டும். இணக்கம் எட்டப்படாவிட்டால், இரு தரப்பும் சம எண்ணிக்கையிலும் நடுநிலைத் தலைவரோடும் அமரும் இணக்கச் சபைக்கு விடயம் செல்கிறது. இதற்கும் எல்லையுண்டு: பொதுப்பணியின் முக்கிய விடயங்களில் இறுதிச் சொல் மக்களுக்குப் பொறுப்புக்கூறும் அதிகாரத்திடமே இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1995இல் வரையறுத்தது.

இவ்விரண்டில் நான் ஊழியர் மன்றத்தையே விரும்புகிறேன். பரீட்சைக் காலத்தில் யார் எத்தனை மணி வரை நிற்பது, விரல் அடையாள வருகைப் பதிவை எப்படிப் பயன்படுத்துவது, ஆய்வுகூடத்தில் எந்தப் பாதுகாப்பு உபகரணம் வேண்டும் என்பனவே ஊழியரின் நாளாந்த வாழ்வைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பேரவையின் நிகழ்ச்சி நிரலை எட்டுவதேயில்லை. மேலும் பேரவையின் அமைப்பை மாற்றப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். இணக்கம் பெறும் உரிமைக்கும் சட்டம் தேவைதான். ஆயினும் கலந்தாலோசிக்கும் மன்றமொன்றை விரும்பும் பல்கலைக்கழகம் இன்றே தொடங்கலாம். தொழிற்சங்கங்கள் தம் இடம் பறிபோகும் என அஞ்சுவது இயல்பே. ஜெர்மனியில் மன்றத் தேர்தலுக்குத் தொழிற்சங்கங்களும் வேட்பாளர் பட்டியல்களை முன்வைக்கின்றன என்பதை அவை கவனிக்க வேண்டும்.

சம்பளத்தை இரண்டு வழிகளும் தொடமாட்டா. அது திறைசேரியிலும் ஆணைக்குழுவிலும் முடிவாவது. 2024இன் வேலைநிறுத்தத்தை எந்த மன்றமும் தடுத்திருக்காது. இடமாற்றக் கட்டளை கையில் கிடைத்த பின்னரே செய்தி அறியும் நூலக உதவியாளருக்கு மட்டும், அதற்கு முன்பே தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கும்.